சிமுலேட்டரில் பறக்கும் பிள்ளை விமானி ஆகலாமா? பணம் கட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் எழும் பேச்சுகளில் விமானி படிப்பும் ஒன்று. “மகன் பொழுதுக்கும் கணினியில் விமானம்தான் ஓட்டுகிறான். கே.எல்.ஐ.ஏ.-வில் ஏற்றிப் பினாங்கில் இறக்குகிறான். பைலட்டுக்குப் படிக்க வைக்கலாமா?” என்று கேட்கும் பெற்றோர் இன்று தோட்டத்திலும் இருக்கிறார்கள், பட்டணத்திலும் இருக்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் வர்த்தக விமானி உரிமத்துக்கான படிப்புக்கு நம் நாட்டில் ஏறக்குறைய 3 லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் செலவாகிறது. நம்மில் பலருக்கு அது ஒரு வீட்டின் விலை. சேமிப்பு, நகை, வீட்டின் மேல் கடன் என்று எல்லாவற்றையும் திரட்டினால்தான் கட்ட முடியும். அதனால் சிமுலேட்டர் எதைக் கற்றுக் கொடுக்கும், எதைக் கொடுக்காது, அதில் செலவிடும் நேரத்தில் எவ்வளவு உரிமத்துக்குக் கணக்காகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிமுலேட்டர் விளையாட்டுக்காகப் பிறந்த கருவி அல்ல. அமெரிக்காவில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளையும் பம்புகளையும் கொண்டே 1929-இல் முதல் பயிற்சிக் கருவியைச் செய்தார். ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934-இல் அமெரிக்க இராணுவம் அஞ்சல் பைகளைச் சுமந்து பறக்கும் வேலையை ஏற்றபோது, மோசமான வானிலையில் சிக்கி விமானிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே இராணுவம் லிங்கின் கருவியைத் தேடி வாங்கியது.

காரணம் எளியது. மேகத்துக்குள் புகுந்தவுடன் உடம்பு பொய் சொல்லத் தொடங்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்க, நேராகப் போவதுபோல் தோன்றும். அந்த உணர்வை ஒதுக்கிவிட்டு எதிரே உள்ள கருவிகளை நம்பப் பழக வேண்டும். தரையில் உட்கார்ந்து ஆயிரம் தடவை தவறு செய்தாலும் உயிர் போகாது. இன்றும் சிமுலேட்டரின் பெரிய பலம் இதுதான். விமானம் மேலெழுந்த சில வினாடிகளில் இயந்திரம் நின்றால் என்ன செய்வது? உண்மை விமானத்தில் அதைச் செய்து பார்ப்பது ஆபத்து. சிமுலேட்டரில் ஒரே காலையில் பத்து முறை செய்யலாம். பிற்பகல் இடிமழையில் பயிற்சி விமானங்கள் தரையில் நிற்கும் நம் நாட்டில், அந்த நேரத்தையும் வீணாக்காமல் பயன்படுத்தலாம்.

அனுபவமுள்ள விமானிகளும் இதை விட்டு விலகுவதில்லை. விமான நிறுவனங்களில் பணியாற்றுவோர் ஆண்டுக்கு இரு முறை திறன் சோதனைக்கு உட்பட வேண்டும். பெரும்பாலும் அது சிமுலேட்டரில்தான் நடக்கிறது.

சிமுலேட்டர் பயிற்சியை மிச்சம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்குப் போயிங் 737 மேக்ஸ் விமானமே சாட்சி. பழைய 737 ஓட்டிய விமானிகளுக்குப் புதிய விமானத்துக்கெனச் சிமுலேட்டர் பயிற்சி தேவையில்லை, கணினிப் பாடமே போதும் என்று சொல்லித்தான் அது விற்கப்பட்டது. மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் ஒரு மென்பொருள் அதில் இருந்தது விமானிகளின் கையேட்டில்கூட இல்லை. 2018 அக்டோபரில் ஜாகர்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானமும், 2019 மார்ச்சில் எத்தியோப்பிய விமானமும் விழுந்து 346 பேர் மாண்டார்கள். அந்த மென்பொருளின் வடிவமைப்புதான் முதல் குற்றவாளி. ஆனாலும் சிமுலேட்டர் பயிற்சி அவசியம் என்று 2020 ஜனவரியில் போயிங்கே பரிந்துரைத்தது. இது நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. 2017 மே மாதம் உலகிலேயே முதன்முதலில் மேக்ஸ் விமானத்தில் பயணிகளை ஏற்றிச் சென்றது நம் நாட்டு மலிண்டோ ஏர்தான்.

அப்படியானால் சிமுலேட்டரிலேயே விமானி ஆகிவிடலாமா? முடியாது. ஐசிஏஓ எனப்படும் அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பின் அடிப்படை விதிகளைப் பாருங்கள். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் சிமுலேட்டருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 5 மணி நேரம். வர்த்தக உரிமத்துக்கு 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சி என்றால் 150 மணி நேரம். அதில் சிமுலேட்டருக்கு 10 மணி நேரம்தான். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்கு மட்டுமே அது தாராளம்: 40 மணி நேரத்தில் பாதியைத் தரையிலேயே பெறலாம், முழுமையான சிமுலேட்டர் என்றால் 30 மணி நேரம் வரை.

இதுவும் அங்கீகாரம் பெற்ற கருவிக்குத்தான். வீட்டுக் கணினியில் ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும், பேரங்காடி சிமுலேட்டரில் பணம் கட்டி உட்கார்ந்திருந்தாலும் பதிவேட்டில் அது பூஜ்யம்.

தரையில் கிடைக்காத ஒன்றும் உண்டு. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். பின்னர் விசாரணையில் அதே நிகழ்வைச் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். மோதியவுடனே திரும்பிய சோதனைகளில் சில, விமான நிலையத்தை எட்டின. நடந்ததைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க மனிதனுக்குத் தேவைப்படும் 35 வினாடியைச் சேர்த்தபோது எட்டவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்து உட்காருபவனுக்கு அந்தத் திகைப்பு கிடையாது.

வீட்டில் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் வரும். திரையையே பார்த்துப் பழகிய கண், உண்மை விமானத்திலும் வெளியே பார்க்காமல் கருவிகளிலேயே நிற்கும். கைப்பிடியின் கனம், காற்றின் உலுக்கல், வயிற்றைப் புரட்டுவது எதையும் மேசை மேல் உள்ள ஜாய்ஸ்டிக் கற்றுத் தராது. தவறாகப் பழகியதை மறக்க வைக்கவே பயிற்றுநர் சில மணி நேரம் செலவிட வேண்டியிருக்கும். அதற்கும் காசு நம்முடையதுதான்.

இருந்தாலும் ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு வீட்டுச் சிமுலேட்டர் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. மூன்று லட்சத்தைக் கொட்டுவதற்கு முன், சில நூறு வெள்ளியில் பிள்ளையின் ஆர்வத்தைச் சோதித்துப் பார்க்கும் வழி அது. ஏற்றி இறக்கும் குஷி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகும் சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாகப் படித்து, வானிலை அறிக்கையைப் புரிந்துகொண்டு, வானொலியில் பேசும் ஆங்கிலத்தைப் பழகுகிறானா, பழகுகிறாளா என்று கவனியுங்கள். சலிப்பான அந்த வேலைதான் விமானியின் அன்றாடம்.

அடுத்துச் செய்ய வேண்டியது முதல் நிலை மருத்துவச் சோதனை. கண்ணில் நிறக்குறைபாடு போன்ற ஒன்று அங்கே தெரியவந்தால், அது பணம் கட்டுவதற்கு முன்பே தெரிவது நல்லது. பிறகு ஒரே ஒரு முறையாவது பயிற்றுநருடன் சிறிய விமானத்தில் பறக்க வையுங்கள். அந்த அரை மணி நேரம் சொல்வதை ஆறு மாதச் சிமுலேட்டர் சொல்லாது.

பள்ளியில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: சிமுலேட்டருக்கு விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இன் அங்கீகாரம் உண்டா? மொத்த மணி நேரத்தில் வானில் எத்தனை, தரையில் எத்தனை? இப்போது பறக்கும் நிலையில் உள்ள விமானங்கள் எத்தனை, மாணவர்கள் எத்தனை பேர்? பயிற்சி தாமதமானாலோ பள்ளி மூடப்பட்டாலோ கட்டிய பணம் என்ன ஆகும்? கட்டணத்தைக் கட்டங்கட்டமாகச் செலுத்தலாமா? பளபளக்கும் சிமுலேட்டர் அறையைக் காட்டிவிட்டு இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

உரிமம் கிடைத்தாலும் வேலை உறுதியில்லை என்பதையும் மறக்கக்கூடாது. கோவிட் காலத்தில் அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்ததைப் பார்த்தோம். ஆகவே கடன் வாங்குவோர், படிப்பு முடிந்து ஓரிரு ஆண்டு வேலை கிடைக்காவிட்டாலும் தவணையைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டே வாங்க வேண்டும். முடியும் என்றால் பிள்ளையைத் தைரியமாக அனுப்புங்கள். முடியாது என்றால், விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பம் போன்ற துறைகளும் அதே விமானத்தளத்தில்தான் இருக்கின்றன என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.