ஹேவாஹெட்ட வாசகருக்கு என்ன விலை?

எனது இளமைக்காலத்தில் ஹேவாஹெட்டவுக்குப் பத்திரிகை வருவது கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக வரும் காலை பஸ்ஸில்தான். கடைத்தெருவில் ஒருவர் காசு கொடுத்து வாங்குவார். மாலைக்குள் அது பத்துப் பேர் கைமாறித் தோட்டத்து லயன்வரை போய்விடும். எழுத்தறியாதவர்களுக்கு யாராவது உரக்க வாசித்துக் காட்டுவார்கள். விற்பனைக் கணக்கில் அது ஒரே ஒரு பிரதி.

இன்று அதே லயனில் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியிலேயே செய்தி படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணப்படுகிறார். ஆனால் எண்ணப்படுவதும் மதிக்கப்படுவதும் ஒன்றல்ல.

இணைய விளம்பரத்தின் விலை, வாசகர் எந்த நாட்டில் இருந்து படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ ஒருவர் பக்கத்தைத் திறந்தால் கிடைக்கும் வருமானத்தில் சிறு துணுக்குத்தான் மலையகத்தில் ஒருவர் திறக்கும்போது கிடைக்கிறது. செய்தி ஒன்றே, தமிழும் ஒன்றே. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் நமது தளங்கள் பலவற்றைத் தாங்கி நின்றவை மரண அறிவித்தல்களும் ஓராண்டு நினைவஞ்சலிகளும். புலம்பெயர்ந்த குடும்பங்கள் அதற்குத் தாராளமாகச் செலவிட்டன. அதை நான் பழிக்கவில்லை; பல செய்தியாளர்களின் சம்பளம் அதிலிருந்தே வந்தது. ஆனால் பணம் வரும் திசையை நோக்கியே ஆசிரியபீடமும் திரும்பி உட்கார்ந்துவிட்டது.

அமெரிக்காவின் ஸ்பானிய மொழி இதழ்களை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். லொஸ் ஏஞ்சலிஸில் 'லா ஒப்பினியோன்' 1926 இல் தொடங்கியது; நமது வீரகேசரிக்கு நான்கு வயது மூத்தது. அதன் வாசகர்களிலும் பெரும்பாலோர் உழைக்க வந்தவர்களே. அவர்களும் சோப்பு வாங்குகிறார்கள், வாகனம் வாங்குகிறார்கள், வங்கிக்குப் போகிறார்கள் என்பதை அம்மொழி ஊடகங்கள் வணிக நிறுவனங்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லின. 2020 கணக்கெடுப்பின்படி அங்கு ஹிஸ்பானிய மக்கள் ஆறு கோடிக்கும் மேல்; அந்தத் தொகை நமக்கில்லை என்பது உண்மை. ஆயினும் 2012 இல் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்களே எட்டு இலட்சத்தைத் தாண்டினர். அவர்களும் மாவு, பால்மா, சோப்பு, தொலைபேசி ரீலோட் வாங்காமலா இருக்கிறார்கள்? இதை யார் எந்த நிறுவனத்திடம் போய்ச் சொன்னார்கள்?

இது வெறும் காசுக் கணக்கல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. மறுநாள் எல்லாத் தளங்களிலும் அதுவே தலைப்பு. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கைகளை நம்மில் எத்தனை பேர் செய்தியாகப் படித்தோம்? மண் சரிவதற்கு முன்னர் போய்ப் பார்த்து எழுத வேண்டுமானால் அங்கு சம்பளம் பெறும் நிருபர் ஒருவர் இருக்கவேண்டும். துணுக்குக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பிரதேச நிருபர் பஸ் காசையும் தன் பையிலிருந்தே போடுகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

1920களில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' நடத்தியபோது தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். அவர் அந்த மக்களுக்காக எழுதினார். இன்று வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையே திரையைத் தடவிக்கொண்டிருக்கும்போது, இவர்களால் வருமானமில்லை என்கிறோம்.

கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கும் விளம்பரப் பிரிவினர் ஒருமுறையாவது சம்பள நாளன்று ஹேவாஹெட்ட கடைத்தெருவில் வந்து நின்று, யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்கட்டும். கண்டியிலிருந்து பஸ் இருக்கிறது.