பகிர்தலும் பகர்தலும்

பல்கலைக்கழக மாணவர் எந்நேரமும் கைப்பேசியிற் கண்ணூன்றியிருக்கின்றனர் என்பது பெற்றோரும் ஆசிரியரும் ஒருங்கே கூறும் முறைப்பாடு. முறைப்பாடு பொய்யன்று, ஆயினும், அவர் அங்ஙனம் இருப்பது எதன்பொருட்டு என ஆராயாது பழித்தல் முறையாகாது.

சமூக ஊடகங்களுள் முதன்மை பெற்ற பேஸ்புக், 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் விடுதியிற் பிறந்தது. முதற்கண் அப்பல்கலைக்கழகத்தார்க்கும், பின்னர்ப் பிற கல்விக்கூடத்தார்க்கும் உரியதாயிருந்து, 2006ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உடன்கற்பாரை அறிதலும் அவரோடு அளவளாவுதலுமே அதன் தோற்றத்துக்குக் காரணம். நம் நாட்டு மாணவர்க்கும் அத்தேவை உண்டு. மன்னாரிலிருந்து பேராதனைக்கும், மலையகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கற்கச் செல்வோர்க்கு, விட்டுவந்த வீடும் புதிதாகப் பெற்ற நட்பும் ஒரு கைப்பேசியுள் அடங்குகின்றன. விரிவுரை நேரமாற்றமும் பரீட்சை அறிவித்தலும் வட்ஸ்அப் குழுக்களின் வழியே வருகின்றன. 2020ஆம் ஆண்டிற் கொவிட் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அக்குழுக்கள் வகுப்பறையும் முற்றமுமாயின. இவற்றையெல்லாம் வீண்பொழுது என்பார் நிலைமை அறியார்.

எனின், குறை யாதுமில்லையோ? உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலிலே கல்வியை நான்கு கூறாக்கி, ஆசிரியரிடம் கேட்டுக் கொள்ளுதலால் ஒரு கூறும், உடன்கற்பாரோடு பயிலுதலால் ஒரு கூறும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய இரு கூறும் நிரம்பும் என்றார். அம்முக்காற்பங்கு நிகழ்தற்கு இவ்வூடகங்களினும் வாய்ப்பான களம் பெறுதல் அரிது. ஆனால், அங்கே பெரிதும் நிகழ்வது பகிர்தல்; பகர்தலன்று. விரிவுரைக் குறிப்பின் படம் நூறு பேர் கைக்குச் செல்கின்றது. அதன் பொருளை ஒருவரேனும் தம் சொல்லால் விளக்கினரோ எனின், பெரும்பாலும் இல்லை. குறிப்பைப் பெற்றமையே கற்றமையெனக் கருதப்படுகின்றது.

இவ்வழக்கம் பரீட்சையோடு நில்லாது. ஆராயாது பெற்றதை ஆராயாது அனுப்பும் கை, வதந்தியையும் அவ்வாறே அனுப்பும். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் மூண்டபோது, பகைமையுரை பரவாது தடுத்தற்கென அரசு இவ்வூடகங்களைச் சில நாள் முடக்கியது. 2019ஆம் ஆண்டில் வட்ஸ்அப் நிறுவனமும், பெற்ற செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு வரையறுத்தது. பூட்டினால் விளையும் அடக்கம் பூட்டு உள்ளவரையே; கற்றவரிடம் நாம் வேண்டுவது அவர் தாமாகவே கொள்ளும் நிதானம்.

ஆதலின், மாணவர்க்கு நாம் கூறத்தக்கது 'கைப்பேசியை விடுக' என்பதன்று. குழுவில் ஒரு குறிப்பை இடுவார், அதன் சாரத்தை ஐந்து வரியில் தம் சொல்லால் எழுதி உடன் இடுக. ஐயம் தோன்றின் வெட்காது வினவுக. பிறர் வினவின் நகையாது விடை பகர்க. விரிவுரையாளரும் அக்குழுக்களை அறிவித்தற் பலகையாக மட்டும் கொள்ளாது, வினாவொன்றை இட்டு விடையை மாணவரே ஆராயவிடல் வேண்டும். அங்ஙனஞ் செய்யின், பெற்றோர் பழிக்கும் அக்கருவியே நன்னூலார் கூறிய முக்காற்பங்குக்குத் துணையாகும். செய்யாவிடின், நூறு குறிப்பு வைத்திருந்தும் ஒன்றையேனும் விளக்கமாட்டாத பட்டதாரிகளையே நாம் பெறுவோம்.