உறுதியில்லாக் குடியிருப்பு: மென்பொருள் உரிமமும் மலையக இளைஞரும்

லிந்துலையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் நான்கைந்து தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஒரு குடும்பத்திடம், அது குடியிருக்கும் லயத்து அறைக்குக் காணி உறுதி உண்டா எனக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே. அறை தோட்டத்துக்குரியது, குடியிருப்பு வேலையோடு பிணைந்தது. ஒழுகும் கூரைத் தகட்டை மாற்றியவரும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசியவரும், வாசலில் மரக்கறிப் பாத்தி கட்டியவரும் அக்குடும்பத்தவரே. ஆயினும் உரிமை வேறொருவர் கையில் இருக்கிறது. மலையக மக்களின் வரலாற்றைக் கற்ற எவருக்கும் இது புதிய செய்தி அன்று. அம்மக்களின் பிள்ளைகளுட் கணினி கற்று, ஓய்வு நேரத்தில் ஆர்வத்தின் பொருட்டு மென்பொருள் ஆக்க முனையும் இளைஞர், தாம் விட்டு வெளியேற விரும்பும் லயத்தின் உறவு முறைக்குள்ளேயே வேறொரு வாயிலாற் புகுகின்றனர் என்பதே இன்று கவனத்திற் கொள்ளவேண்டிய செய்தியாகும்.

மென்பொருளை வாங்கியதாகக் கூறுபவர் உண்மையில் வாங்குவது அதனைப் பயன்படுத்துவதற்கான அனுமதியை மட்டுமே. இவ்வனுமதிப் பத்திரமே உரிமம் எனப்படுவது. அதன் நீண்ட வாசகங்களுக்கு இடையில், நிபந்தனைகளை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றலாம் என்னும் ஒரு வரி பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். ஏனைய வரிகள் யாவும் அந்த ஒரு வரியின் தயவிலேயே உயிர் வாழ்கின்றன.

இந்த வழக்கு நீண்ட வரலாறுடையது. 1976 பெப்ரவரி 3ஆந் திகதியிட்டுப் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்க்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அல்தெயார் கணினிக்கென ஆக்கப்பட்ட பேசிக் மொழியைப் பலர் விலை கொடாது படியெடுத்துப் பயன்படுத்துகின்றனர் என்பதே அவர் சாட்டிய குற்றம். உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்ற அவரது வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அன்றைய வழக்கு விலை பற்றியது மட்டுமே. விலையைக் கொடுத்தவரிடம் துளையிட்ட காகித நாடா நிலைத்திருந்தது. அதனை மறுநாள் எவரும் வந்து திரும்பப் பெறவில்லை. இன்றைய நிலை வேறு. 2013இல் அடோபி நிறுவனம் தன் வரைகலை மென்பொருள்களின் புதிய பதிப்புக்களைச் சந்தாவுக்கு மட்டுமே வழங்கத் தொடங்கியது. விற்பனை குத்தகையாயிற்று, உடைமையாளர் குத்தகைக்காரர் ஆனார்.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றுட் சில நினைவுகூரத்தக்கன. 2018இன் நடுப்பகுதியிற் கூகிள் தன் நிலப்படச் சேவையின் கட்டண முறையை மாற்றியது. தாராளமாக இருந்த இலவச அளவு சுருங்கியது. சிறு பயன்பாட்டிற்குங்கூடக் கடனட்டை இணைத்த கணக்கு வேண்டும் என்றாயிற்று. எண்ணற்ற மாணவர் தம் முதற் செயலியை ஏற்றிவைத்திருந்த ஹெரோக்கு, 2022 நவம்பர் 28இல் இலவச இடத்தை அறவே நிறுத்தியது. 2023 செப்டெம்பர் 12இல் யூனிட்டி நிறுவனம், தன் பொறியைக் கொண்டு ஆக்கப்பட்ட விளையாட்டுக்கள் ஒரு வரம்பைக் கடந்தபின், ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் அறவிடப்படும் என அறிவித்தது. ஏற்கெனவே வெளியான விளையாட்டுக்களும் இதற்குத் தப்பவில்லை. பழைய பதிப்பைப் பயன்படுத்துவோர் பழைய நிபந்தனைகளிலேயே தொடரலாம் என 2019இல் வாக்களித்ததும் இதே நிறுவனமே. எதிர்ப்பு மூண்டது, பத்து நாட்களுள் திட்டம் தளர்த்தப்பட்டது, 2024 செப்டெம்பரில் முற்றாகக் கைவிடப்பட்டது. இதனை ஆர்வலர்களின் வெற்றி எனப் பலர் கொண்டாடினர். துரை மனமிரங்கி வெளியேற்றக் கட்டளையை மீளப்பெற்றமையால் லயம் தொழிலாளிக்குச் சொந்தமாகிவிடுமா என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திலர்.

இவற்றின் சுமை எல்லா நாட்டு ஆர்வலர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. லிந்துலைத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் வந்த ஒரு மாணவி, கொழுந்து நிறையைக் குறித்துவைக்கும் சிறு செயலியொன்றை ஆக்க விரும்புவதாகக் கொள்ளலாம். தாய் எடுத்த கொழுந்தின் நிறுவை என்ன, தண்ணீருக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கப்பட்டது, முழுப் பெயர் விழுந்ததா அரைப் பெயரா என்பவற்றை நாள்தோறும் கைத்தொலைபேசியிற் பதிந்து, மாதமுடிவிற் சம்பளச் சீட்டோடு ஒப்புநோக்க உதவும் செயலி அது. அதனால் எவரும் செல்வந்தராகப் போவதில்லை. ஆயினும் கணக்கப்பிள்ளையின் கணக்கிற்கு எதிராக வைக்க ஒரு கணக்கு கிடைக்கும்.

அச்செயலியைக் கூகிளின் கடையில் வைப்பதற்கு ஒரு முறை 25 டொலர் செலுத்தவேண்டும். அப்பிளின் கடையில் வைப்பதற்கு ஆண்டுதோறும் 99 டொலர் வேண்டும். டொலருக்கு 300 ரூபா எனக் கணக்கிட்டால் முன்னையது 7500 ரூபா. பின்னையது 29,700 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அக்கணக்கின்படி முன்னையது ஐந்தரை நாள் மலையேற்றம். பின்னையது இருபத்திரண்டு நாள் மலையேற்றம், அதுவும் ஒவ்வோர் ஆண்டும். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், ஓரிரு மாதங்களில் 350 ரூபாவைக் கடந்தது. எந்த நிறுவனமும் ஒரு சதமேனும் கூட்டாதிருக்க, இலங்கை ஆர்வலருக்கு எல்லா மென்பொருளின் விலையும் ஒன்றரை மடங்கிற்கு மேலாயிற்று. பணமின்றி விதியாலும் விலை உயரும் என்பதற்கும் சான்று உண்டு. 2023 நவம்பரின் பின் கணக்குத் திறக்கும் தனியாள், இருபது பேரைக் கொண்டு பதினான்கு நாட்கள் தொடர்ந்து சோதித்த பின்னரே செயலியை வெளியிடலாம் என்று கூகிள் விதித்தது. அவ்விருபது 2024 டிசெம்பரிற் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. விதித்ததும் நிறுவனமே, குறைத்ததும் நிறுவனமே.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழுப்பப்படுவதுண்டு. பொருளை ஆக்கியவனுக்கு விலையைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்பது முதலாவது. உண்டு, அதனை மறுப்பார் இலர். ஆனால் நாளைய விற்பனைக்கு விலை கூட்டுவது வேறு, நேற்றைய நிபந்தனையை நம்பி எழுப்பப்பட்ட வீட்டிற்கு இன்று புதிய வாடகை கேட்பது வேறு. ஓராண்டு உழைத்து ஒரு பொறியின்மீது கட்டியெழுப்பப்பட்ட படைப்பை மற்றொரு பொறிக்கு மாற்றுவதற்கு இன்னோர் ஆண்டு வேண்டும். தோட்டங்களில் 1921 வரை வழங்கிய துண்டு முறையை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தொழிலாளி பட்டிருந்த கடனைக் குறித்த ஒரு சிறு காகிதமே துண்டு. அக்கடனைத் தீர்த்தாலன்றி அவன் வேறு தோட்டம் செல்ல இயலாது. இன்று துண்டு எழுதுவார் இலர். எனினும் இடம் பெயர விரும்பும் மென்பொருளாளன் அதுவரை செய்த உழைப்பையே கடனாகச் செலுத்த நேர்கிறது. விலை ஏற்றுபவர்கள் இதனை நன்கறிவர், அறிந்தே ஏற்றுகின்றனர்.

இலவசமாகப் பெற்றவனுக்கு முறையிட உரிமையில்லை என்பது இரண்டாவது வாதம். இலவசம் என்பது கொடையாயின் இவ்வாதம் பொருந்தும். ஆர்வலர்களே பிழைகளைக் கண்டறிந்து அறிவிக்கின்றனர், புதியவர்க்குக் கற்பிக்கின்றனர், படிக்கும் காலத்திற் பழகிய கருவியையே வேலைக்குச் சென்றபின்னும் தம் நிறுவனத்திடம் பரிந்துரைக்கின்றனர். அவர்கள் சம்பளமின்றிச் சந்தை பிடித்துக்கொடுத்தவர்கள். சந்தை கைவந்தபின் அவர்களை நோக்கி, இதுவரை உண்டது போதும் என்பது கணக்கு நேர்மையாகாது. மாணவர்க்கெனத் தரப்படும் இலவச உரிமமும் இத்தகையதே. அது பட்டமளிப்போடு முடிவுறும். அதனாற் படிந்த பழக்கம் முடிவுறாது.

விலை கூடினால் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தினாற் போயிற்று என்பது மூன்றாவது. இதனை எவரும் மேடையிற் கூறுவதில்லை. விடுதி அறைகளில் எல்லோரும் நடைமுறையிற் கைக்கொள்வர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பது ஒருபுறமிருக்க, திருட்டுப் பிரதி விடுதலையன்று. அது அடிமைத்தனத்தின் மலிவான பதிப்பு. திருடிய கருவியிற் பழகிய கை வேறு கருவியை நாடாது. திருடிய கருவியால் ஆக்கியதை ஊரறிய வெளியிடவும் இயலாது. லயத்து அறையிற் களவாகக் குடியேறுபவனும் லயத்திலேதான் குடியிருக்கிறான்.

தமிழ்கூறும் நல்லுலகிற்கு இவ்விடயத்தில் அனுபவம் இல்லாமலில்லை. கணினியில் தமிழ் எழுத உதவிய எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புக்கள் கீமேன் என்னும் மென்பொருளின்மீது நின்றன. கீமேன் 1993இல் லாவோ மொழியைத் தட்டெழுதும் தேவையிலிருந்து பிறந்தது. அக்காலத்தில் அது ஒரு தனி நிறுவனத்தின் உடைமை. தமிழ் விசைப்பலகையின் அமைப்பு தன்னார்வலர் கையிலும் அதனை இயக்கிய பொறி பிறர் கையிலும் இருந்தன. ஏர் தமிழருடையது, மாடு இரவல் என்பதே அன்றைய நிலை. மூன்றாம் பதிப்பிலிருந்து அத்தன்னார்வலர்கள் பொறியையும் தாமே எழுதி, குனூ பொது உரிமத்தின்கீழ் மூல நிரலோடு வெளியிட்டனர். அதன்பின் அந்தக் கலப்பையை எவராலும் பறிக்க இயலாதாயிற்று. கீமேனும் பின்னர் எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் கைக்கு மாறி, இன்று கட்டற்ற மென்பொருளாக விளங்குகிறது என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடவேண்டும். அம்மாற்றம் வந்தபோது தமிழ் எழுதுவோர் காத்துக் கிடக்கவில்லை என்பதே ஈண்டுப் பொருள்.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. ஈழத்துத் தமிழ் அச்சுலகில் ஆண்டுக்கணக்காகக் கோலோச்சிய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்திற் தமிழ் வடிவங்களை வைத்தவை. யூனிக்கோட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும் அப்பழக்கம் எளிதில் விடவில்லை. அவ்வாறு தட்டெழுதப்பட்ட நூல்களும் சஞ்சிகைகளும் அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தோன்றும். பொது நியமத்தை விட்டுத் தனிக்கருவியை நம்பியதன் விலையை, பழைய கோப்புக்களை மாற்றிக்கொண்டிருப்போர் இன்றும் செலுத்துகின்றனர்.

கட்டற்ற மென்பொருளின் உரிமமும் மாற்றப்படலாமன்றோ எனக் கேட்போர் உளர். மாற்றப்பட்டதுண்டு. 2023 ஓகஸ்டில் ஹாஷிக்கோர்ப் நிறுவனம் டெராஃபோர்ம் என்னும் கருவியைத் திறந்த உரிமத்திலிருந்து விலக்கியது. ஆனால் அதற்கு முன் வெளியான நிரல் எல்லோர் கையிலும் இருந்தது. சில வாரங்களுள் அதிலிருந்து ஓப்பன்டோஃபூ என்னும் கிளை பிரிந்து லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலிற் தழைத்தது. யூனிட்டியைப் பயன்படுத்தியோர் மன்றாடவேண்டியிருந்தது. டெராஃபோர்மைப் பயன்படுத்தியோர் கிளை ஒடித்து நட்டுக்கொண்டனர். இரண்டிற்குமுள்ள வேறுபாடே உறுதி உள்ள வீட்டிற்கும் லயத்திற்குமுள்ள வேறுபாடு.

கிளை ஒடித்து நடுவதைத் தேயிலை நாட்டினர்க்குக் கற்பிக்கவேண்டியதில்லை. லிந்துலைக்கு அண்மையில், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. அதன் செலவைத் தாங்கியது தேயிலைமீது விதிக்கப்பட்ட வரி. அந்நிலையம் தெரிந்தெடுத்த தேயிலை இனங்கள், குறிப்பாக 2025 என்னும் இலக்கமுடைய இனம், தாய்ச்செடியின் வெட்டுத்துண்டுகள் மூலம் தோட்டந்தோறும் பரவின. ஒருவரோடொருவர் போட்டியிட்ட தோட்ட உடைமையாளரே, அடிப்படை அறிவு பொதுவில் இருப்பது தமக்கு நன்மை என உணர்ந்து அதற்குப் பணம் கொடுத்தனர். முதலாளிகள் தமக்கென அமைத்துக்கொண்ட பொதுமையைத் தொழிலாளர் பிள்ளைகள் தமக்கென அமைத்துக்கொள்வது மட்டும் எவ்வாறு கனவாகும்?

அதற்குப் பல்கலைக்கழகங்கள் முதலிற் பொறுப்பேற்கவேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவியை இயக்கப் பழக்குவதைக் கணினிக் கல்வி எனக் கூறும் மயக்கம் ஒழியவேண்டும். இறுதியாண்டுச் செயற்றிட்டங்கள் திறந்த உரிமத்துடன், தமிழ் விளக்கக் குறிப்போடு வெளியிடப்பட்டால், லிந்துலை மாணவியின் கொழுந்துக் கணக்கை ஹட்டனிலும் பதுளையிலும் மற்றொருவர் தொடர இயலும். நிலப்படத்திற்கு, 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் உண்டு. அதில் விடுபட்டிருக்கும் தோட்டப் பாதைகளையும் லயங்களையும் குறிக்க மலையக மாணவரினும் தகுதியுடையார் யார்? தனியொரு கருவியைத் தேர்பவரும் மூன்று கேள்விகளைக் கேட்டல்வேண்டும். பழைய பதிப்பைப் பழைய நிபந்தனையிற் பயன்படுத்தலாமா? உள்ளிட்ட தரவுகளைப் பொது வடிவில் வெளியே எடுக்கலாமா? நிறுவனம் மூடப்பட்டால் மறுநாள் அது இயங்குமா? மூன்றிற்கும் விடை இல்லையெனில், அது எத்துணை அழகியதாயினும் லயமே.

கட்டற்ற மென்பொருள் தானாக வளர்வதன்று. உலகின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்.எஸ்.எல். நிரலில் 2014இல் ஹார்ட்பிளீட் என்னும் பெருங்குறை வெளிப்பட்டபோதே, அதனை மிகச் சிலரே அற்ப உதவியோடு பேணிவந்தமை உலகுக்குத் தெரியவந்தது. எடுப்பவர் மட்டுமே இருந்து கொடுப்பவர் இல்லாவிடின் பொதுநிலமும் தரிசாகும். ஆதலின் நிறுவனங்களை வைது காலங்கழிப்பது போதாது. ஒரு பிழைதிருத்தம், ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு விளக்கக் குறிப்பு என இயன்றதைக் கொடுத்தே உரிமை பெறவேண்டும். பிறர் மலையிற் பிறர்க்காகக் காடு வெட்டித் தேயிலை நட்டு இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு பேர்ச்சஸ் நிலத்திற்கு ஏங்கி நிற்கும் சமூகத்தின் பிள்ளைகள், புதிதாகத் திறந்திருக்கும் நிலத்திலும் உறுதியில்லாமற் குடியேறுவார்களாயின், அடுத்த தலைமுறை அவர்களைத்தான் கேள்வி கேட்கும்.