பாஸ் வாங்கலாமா... ஜூம் வாங்கலாமா பாஸ்?

கல்ச்சுரல்ஸ் சீஸன் நெருங்கினாலே கிடார் வாசிக்கிற பசங்களுக்கு ஒரு ஜுரம் வந்துடும். க்ளாஸ்ல நோட்டோட கடைசிப் பக்கத்துல விலைப் பட்டியல் எழுதிட்டு இருப்பாங்க. மெஸ்ல சாம்பார் ஆறிக்கிட்டிருக்கும்... இவங்க போன்ல யாரோ ஒரு வெள்ளைக்காரர் காலால சுவிட்ச் மிதிக்கிற வீடியோ ஓடிக்கிட்டிருக்கும். 'மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கப் போறேன், எது நல்லாயிருக்கும்?' - இந்த செமஸ்டர்ல மட்டும் ஏழெட்டு பேர் கேட்டாச்சு. அதனால இந்த வாரம் நம்ம பக்கத்துல 'கால்மிதி' மேட்டர்!

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரே பாராவுல சொல்லிடறேன். எலெக்ட்ரிக் கிடாரை அப்படியே ஸ்பீக்கர்ல மாட்டினா, சத்தம் உப்பு போடாத உப்புமா மாதிரி இருக்கும். அதுக்குக் கரகரப்பு கொடுக்கிறது டிஸ்டார்ஷன். 'சொன்னதையே திருப்பிச் சொல்லு'ங்கிறது டிலே. காலி கல்யாண மண்டபத்துல வாசிக்கிற ஃபீலிங் கொடுக்கிறது ரிவெர்ப். 'வாவ் வாவ்'னு கிடாரைப் பேச வைக்கிறது வா பெடல். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டப்பா வாங்கினா சொத்து கரைஞ்சுடும். அத்தனையையும் பாட்டி வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரி ஒரே பெட்டிக்குள்ள அடக்கி, தரையில வெச்சு காலால ஆட்டிப் படைக்கிறதுதான் மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர். பாஸ் கம்பெனியோட எம்.இ-5 வந்தது 1988-ல. 1998-ல லைன் 6 கம்பெனியோட சிவப்பு கலர் 'பாட்' வந்த பிறகு, ஆம்ப்ளிஃபயரையே சாஃப்ட்வேரா மாத்திப் பெட்டிக்குள்ள வைக்கிற வித்தை பிரபலமாச்சு. இன்னிக்குக் கடையில பார்க்கிறதெல்லாம் அந்த வம்சாவளிதான்.

(ரோலண்ட் குடும்பத்து ஜப்பான் கம்பெனி பேரும் பாஸ், நான் உங்களைக் கூப்பிடறதும் பாஸ். குழம்பாம படிங்க பாஸ்!)

இப்ப கேஸுக்கு வருவோம். என் ஜூனியர் ஒருத்தன். பத்தாவது படிக்கிற பசங்களுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்து, ரெண்டு வருஷமா சிறுகச் சிறுக காசு சேர்த்திருக்கான். மனசு முழுக்க பாஸ் ஜி.டி-1. கையில இருக்கிற காசுக்கு வர்றது ஜூம் ஜி1 எக்ஸ் ஃபோர். கடைக்குக் கடை விலை மாறினாலும், முன்னது பின்னதைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 'அக்கா, மிச்சத்துக்கு வீட்டுல எக்ஸாம் ஃபீஸ்னு சொல்லி வாங்கிடலாமா?'னு மெதுவா கேட்டான். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டறவர். அதனாலதான் அவன்கூட உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க இந்த ரெண்டு பெட்டியையும் அக்கு வேறு ஆணி வேறா பிரிச்சோம். உங்களுக்கும் உதவும்.

'எதுல எஃபெக்ட்ஸ் அதிகம்?'ங்கிறதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. என்னைக் கேட்டா, கடைசியா கேட்க வேண்டிய கேள்வி. ஜி.டி-1-ல 108 எஃபெக்ட்ஸ். ஜூம்ல ஆம்ப் மாடலோட சேர்த்து 70-க்கும் மேல. சரி, உங்க பேண்ட் ஒரு மேடையில எத்தனை வாசிக்கப் போகுது? 'இளைய நிலா' ஆரம்பத்துக்குச் சுத்தமான சத்தமும் கொஞ்சம் ரிவெர்ப்பும் போதும். ஒரு குத்துப்பாட்டுக்கு க்ரன்ச், ஒரு ராக் அயிட்டத்துக்கு ஹை கெயின், ஒரு மெலடிக்கு டிலே. நாலு பேட்ச். அவ்வளவுதான். 108-ல மிச்சம் 100-ஐ வாங்கின முதல் வாரம் வாசிச்சுப் பார்த்துட்டு அப்புறம் மறந்துடுவீங்க.

முதல்ல கேட்க வேண்டியது இது: சத்தம் கடைசியா எது வழியா வெளியே வரப்போகுது? ஹெட்போனா, கிடார் ஆம்ப்பா, காலேஜ் ஆடிட்டோரியத்து மிக்ஸரா?

இங்கதான் நிறைய பேர் கவிழறாங்க. ஒரு இன்டர்-காலேஜ் போட்டியில நேர்ல பார்த்தேன். வேற காலேஜ் பையன், ஊரே திரும்பிப் பார்க்கிற விலையில ஒரு பெரிய ப்ராசஸர். கெத்தா மேடை ஏறி, நேரா மிக்ஸர்ல சொருகி, டிஸ்டார்ஷனை மிதிச்சான். வந்தது கிடார் சத்தம் இல்ல... மிக்ஸியில சட்னி அரைக்கிற சத்தம்! காரணம் ரொம்ப சிம்பிள். கிடார் ஆம்ப்ல இருக்கிற ஸ்பீக்கர், சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல போற கீச்சு சத்தத்தையெல்லாம் வடிகட்டிடும். அது ஒரு குறைதான், ஆனா நம்ம காது அந்தக் குறைக்குத்தான் 'ராக் கிடார்'னு பேர் வெச்சிருக்கு. ஆடிட்டோரியம் ஸ்பீக்கர் அப்படி வடிகட்டாது, உள்ளே வர்ற அத்தனையையும் வெளியே கொட்டும். அதனால மிக்ஸருக்குப் போகும்போது பெட்டிக்குள்ள இருக்கிற 'கேபினட் சிமுலேஷன்' ஆன்ல இருக்கணும். கிடார் ஆம்ப்ல மாட்டும்போது அது பெரும்பாலும் ஆஃப்ல இருக்கணும், இல்லைன்னா ரெண்டு தடவை வடிகட்டி சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். ஜி.டி-1-ல இதுக்கு 'அவுட்புட் செலக்ட்'னு தனி செட்டிங் இருக்கு. மிக்ஸர்னா 'லைன்/ஃபோன்ஸ்' வெச்சுக்கணும். எந்தக் கம்பெனி பெட்டியா இருந்தாலும் மேனுவல்ல இந்தப் பக்கத்தை முதல்ல படிங்க. அன்னிக்கு அந்த டீம் டிரம்மர் கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசல. பாவமா இருந்தது.

அடுத்த வில்லன், நம்ம ஹாஸ்டல் ரூம். ராத்திரி பதினோரு மணிக்கு வார்டனுக்குப் பயந்து, சத்தமே இல்லாம ஹெட்போன்ல ஒரு பேட்ச் செதுக்குவோம். அட்டகாசமா இருக்கும். அதே பேட்ச் மேடையில காணாமப் போயிடும்! 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து வெச்சுட்டாங்க. சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸ் சரியா கேட்காது, ரொம்ப உச்சத்துல இருக்கிற ட்ரெபிளும் மங்கலாத்தான் இருக்கும். அதனால நாமளே ரெண்டையும் ஏத்தி, நடுவுல இருக்கிற மிட்-ஐ இறக்கி வெச்சுடறோம். மேடையில வால்யூம் ஏறினதும் பேஸ் கொழகொழன்னு ஆகி, மிட் இல்லாத கிடார், கீ-போர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவுல மாட்டி நசுங்கிடும். ஒருநாளாவது ஆடிட்டோரியத்துல கெஞ்சிக் கூத்தாடி, ஃபுல் வால்யூம்ல பேட்ச் செட் பண்ணுங்க. ரூம்ல கேட்க அசிங்கமா இருக்கிற அளவுக்கு மிட் வெச்சா, மேடையில சரியா இருக்கும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்னு சொல்வாங்க... இந்த விஷயத்துல மட்டும் நிஜமாவே கூடம்தான் கோணல்!

'டிஜிட்டல் பெட்டியில சத்தம் லேட்டா வரும்'னு யாராவது பீட்டர் விட்டா நம்பாதீங்க. ஒலி ஒரு மில்லி செகண்டுல காத்துல சுமார் 34 சென்டிமீட்டர் போகும். மூணு மில்லி செகண்ட் லேட்டுன்னா, ஸ்பீக்கர்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளி நிக்கிறீங்க. அவ்வளவுதான் மேட்டர்.

இப்ப நேருக்கு நேர். ஜூம்ல ஒரே நேரத்துல அஞ்சு எஃபெக்ட்ஸ் ஓடும், ஆம்ப் மாடலும் அந்தக் கணக்குல சேர்ந்துடும். கல்லூரி பேண்டுக்கு அஞ்சு தாராளம். 68 டிரம் ரிதம் உள்ளேயே இருக்கு, 30 செகண்ட் லூப்பர் இருக்கு. ரூம்ல தனியா ப்ராக்டீஸ் பண்றவனுக்கு அந்த ரிதம் ஒரு வரம்; மெட்ரோநோமோட 'டிக் டிக்' கேட்டுத் தூங்கிப் போறதுக்கு இது எவ்வளவோ மேல். ஜி.டி-1-ல லூப்பர் உண்டு, ரிதம் கிடையாது.

ஆனா ஜி.டி-1 ரெண்டு இடத்துல அடிச்சுத் தூக்கும். ஒண்ணு, அது ஆடியோ இன்டர்ஃபேஸாவும் வேலை செய்யும். யு.எஸ்.பி. கேபிள்ல கம்ப்யூட்டரோட சேர்த்தா நேரா ரெக்கார்ட் பண்ணலாம். ஜூம் ஜி1 எக்ஸ் ஃபோர்ல யு.எஸ்.பி. ஓட்டை இருக்கும், அது பேட்ச் எடிட் பண்ணவும் சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணவும்தான். ஓட்டை இருக்குன்னு பார்த்து வாங்கிட்டு 'ரெக்கார்ட் ஆகலையே'ன்னு புலம்பறவங்க நிறைய. ஷார்ட் ஃபிலிம்க்கு மியூஸிக் போடற ஆளா நீங்க? அப்ப இந்த ஒரு பாயின்ட்டுக்காகவே ஜி.டி-1-க்குக் காசு சேர்க்கலாம்.

ரெண்டாவது, சுவிட்ச். ஜூம்ல ரெண்டே ரெண்டு. பேட்ச் மாத்தணும்னா மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. அதனால பேட்ச்களைப் பாட்டு வரிசைப்படி அடுக்கி வெச்சுட்டுத்தான் மேடை ஏறணும். கடைசி நிமிஷத்துல பாடகர் பாட்டு வரிசையை மாத்தினார்னா, நடுவுல நாலு பேட்ச் தாண்டி ஓடணும். ஜி.டி-1-ல மூணாவதா ஒரு சுவிட்ச் இருக்கு. அதுக்கு நீங்க விரும்பற வேலையைக் கொடுக்கலாம். சோலோ வரும்போது அதை ஒரு மிதி மிதிச்சா வால்யூம் ஏறுற மாதிரி வெச்சுக்கலாம். பத்தாதுன்னா வெளியில இன்னும் சுவிட்ச் மாட்டவும் இடம் இருக்கு.

பேட்டரி விஷயத்துல ஜூம்தான் ராஜா. ரெண்டுமே நாலு ஏ.ஏ. பேட்டரியில ஓடும். ஆல்கலைன் போட்டா ஜூம் சுமார் 18 மணி நேரம், ஜி.டி-1 சுமார் 7 மணி நேரம். கல்ச்சுரல்ஸ் மேடையில ப்ளக் பாயின்ட் எங்க இருக்கும்னு யாருக்கும் தெரியாது, கரன்ட் எப்ப போகும்னு கடவுளுக்கும் தெரியாது. அடாப்டர்ல ஓட்டறதா இருந்தா ஒரு எச்சரிக்கை: இந்த ரெண்டு பெட்டிக்கும் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். வீட்டு ரௌட்டர் அடாப்டர்ல பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ், வோல்ட்டேஜும் 12-ஆ இருக்கலாம். பின் சரியா உட்காருதேன்னு மாட்டிடாதீங்க. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற வேலை அது. அடாப்டர், ரெண்டு நல்ல கேபிள் - இதெல்லாம் பட்ஜெட்ல முதல்லயே எடுத்து வெச்சுடணும்.

'மூர் ஜி.இ-150, வேல்டன் ஜி.பி-100 எல்லாம் என்ன ஆச்சு?'ன்னு நீங்க முணுமுணுக்கறது கேட்குது. நல்ல பெட்டிகள்தான். மேலே சொன்ன ரெண்டுலயும் இல்லாத ஒரு வசதி இவற்றுல இருக்கு: வெளியில இருந்து 'ஐ.ஆர்.' ஏத்திக்கலாம். அதாவது, நிஜமான ஒரு ஸ்பீக்கர் கேபினட்டோட ஒலி முத்திரையை ஒரு ஃபைலா எடுத்து உள்ளே போடறது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்'னு ஒண்ணு படிச்சு, 'இது எதுக்குடா வாழ்க்கையில'ன்னு திட்டினோமே... சாட்சாத் அதேதான்! மிக்ஸர்ல நேரா மாட்டறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம் கொடுக்கும், யு.எஸ்.பி. ரெக்கார்டிங்கும் உண்டு. ஆனா பேட்டரியில ஓடாது. ஊர்ல சர்வீஸ் பண்ண ஆள் இருக்காங்களான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க. மெனுவுக்குள்ள போய் தோண்டறதே அலர்ஜின்னா, 2014-ல வந்த பாஸ் எம்.இ-80 செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குதான்னு பாருங்க. ஒவ்வொரு எஃபெக்டுக்கும் மேலேயே திருகு இருக்கும், ரேடியோ மாதிரி திருப்பிட்டுப் போகலாம். பழசு வாங்கும்போது ஒவ்வொரு சுவிட்சையும் இருபது தடவை மிதிச்சுப் பாருங்க, பேட்டரி மூடியைத் திறந்து பச்சைக் கறை படிஞ்சிருக்கான்னு பாருங்க, கால் பெடலை மெதுவா ஆட்டினா சத்தம் விட்டு விட்டு வருதான்னு கேளுங்க. கடைசி ஐட்டம் இருந்தா விலையை அங்கேயே பாதியாக்கலாம்.

ஜூனியர் கதை? அவனுக்கு ரெக்கார்டிங் வேலை இல்லை. மேடை, ஹாஸ்டல் ரூம், ஹெட்போன். மூணுக்கும் ஜூம் போதும்னு அவனே கணக்குப் போட்டான். ஜூம், அடாப்டர், ரெண்டு கேபிள் போக மிச்சம் இருந்ததுல தங்கச்சிக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிட்டுப் போனான். எக்ஸாம் ஃபீஸ் பேச்சு அதோட போச்சு. 'அடுத்த வருஷம் இதை வித்துட்டு ஜி.டி-1 வாங்குவேன்க்கா'ங்கிறான். வாங்கட்டுமே!

நீங்க கடைக்குப் போறதா இருந்தா (சென்னைப் பசங்களுக்கு அண்ணா சாலையில 1842-ல ஆரம்பிச்ச மியூஸி மியூஸிகல் மாதிரி தாத்தா காலத்துக் கடையே இருக்கு), உங்க கிடாரையும் உங்க ஹெட்போனையும் எடுத்துட்டுப் போங்க. கடையில இருக்கிற காஸ்ட்லி கிடார்ல எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் பேசும். பெட்டியில ரெடிமேடா இருக்கிற முதல் பேட்ச்ல டிலேயும் ரிவெர்ப்பும் வழிய வழிய ஊத்தி வெச்சிருப்பாங்க. அதைக் கேட்டு மயங்காம, ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு ஒரு ஈ மைனர் அடிங்க. அந்தச் சத்தம் பிடிச்சிருந்தா பில் போடச் சொல்லுங்க.