செவிலியும் நற்றாயும்

அகப்பொருள் பயில்வோர்க்குச் செவிலியையும் நற்றாயையும் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. களவொழுக்கத்திலே தாய் என்று சிறப்பித்துச் சொல்லப்படுபவள் செவிலியே என்று தொல்காப்பியர் விதித்துப் போந்தார். வளர்த்தவளுக்கு அத்துணைப் பெருமை உண்டு. ஆயினும் செவிலி கூற்றாக அமைந்த செய்யுள்களோடு நற்றாய் கூற்றாக அமைந்தனவும் நம் தொகை நூல்களில் இருக்கின்றன. ஒருத்திக்கு இடங்கொடுத்தற்பொருட்டு மற்றவளை வீட்டைவிட்டு வெளியேற்றிய புலவர் ஒருவரையும் யாம் அறியோம்.

இப்பழங்கதை இப்பொழுது எதற்கு என்று வாசகர் வினாவலாம். ஆங்கிலத்தில் நேர்ஸ் எனப்படுபவரைத் தமிழ்நாட்டார் செவிலியர் என்கின்றனர். நாம் தாதியர் என்கிறோம். இரண்டும் வளர்ப்புத்தாயின் பெயர்களே. நோயாளரைப் பேணுகின்றவருக்கு இப்பெயரை முதன்முதல் இட்டவர் யாராயினும், அவர் தமிழின் உள்ளம் அறிந்தவர். ஆனால், குறைமாதத்திற் பிறந்த சிசுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலே கிடத்தியபின், அதனைப் பெற்றவளுக்கு அங்கே என்ன பெயர்? உலகின் பல வைத்தியசாலைகளிலே நெடுங்காலமாக அவளுக்கு வாய்த்த பெயர் பார்வையாளர் என்பது. குறித்த நேரத்தில் வந்து, கண்ணாடிக்கு அப்பால் நின்று, பார்த்துவிட்டுப் போகின்றவள். செவிலி உள்ளே புகுந்தாள். நற்றாய் வெளியே நின்றாள்.

இது சொல்லைப் பற்றிய பூசல் மாத்திரமாயின் பண்டிதர்கள் தமக்குள்ளே தீர்த்துக்கொள்ளலாம். இங்கே உயிர் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறக்குறைய 23 இலட்சம் குழந்தைகள் பிறந்து ஒரு மாதம் நிறையுமுன் இறந்தன என்பது ஐக்கிய நாடுகள் சபையாரின் மதிப்பீடு. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகளிலே கிட்டத்தட்டப் பாதி இத்தொகை. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் முதல் மாதத்தைத் தொடாது சிலகாலம் கழித்தே காப்புப் பருவத்தைத் தொடங்கியது, அம்மாதத்தின் நிலையாமையை அறிந்துதானோ என்று எண்ணத் தோன்றுகிறது. இஃது என் ஊகமே. பாட்டியல் நூலார்மேல் ஏற்றவில்லை.

நற்றாயை வெளியே நிறுத்தியவர்கள் கொடியவர் அல்லர். கிருமித் தொற்றுக்கு அஞ்சினார்கள். அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. யந்திரமும் மருந்தும் செய்த நன்மையை மறப்பதும் நன்றிகேடாகும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். நிறை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். நுரையீரல் முதிராமையால் மூச்சு முட்டி, இரண்டு நாள் நிறையுமுன் இறந்தான். அத்தனை வல்லமை வாய்ந்த நாட்டின் தலைவர் மகனுக்கு அன்று செய்யக்கூடியது அவ்வளவே. இன்று அந்நிறையோடு பிறக்கும் குழந்தை நல்ல வைத்தியசாலையிலே பெரும்பாலும் பிழைத்துவிடும். 1971இல் ஜோர்ஜ் கிரெகரி முதலியோர், காற்றை இடையறாத அழுத்தத்தோடு செலுத்தி நுரையீரல் சுருங்கி மூடாமற் காக்கும் முறையை வெளியிட்டனர். 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்னும் இருவர், குறைமாதப் பிரசவம் நெருங்கிய தாய்க்கு ஊசிமருந்து ஏற்றினால் வயிற்றிலுள்ள சிசுவின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று காட்டினர். பின்னதிலே மருந்து சென்ற வழி தாயின் உடம்பு என்பதைக் குறித்துக்கொள்க.

பிறந்த பின்னரும் தாயின் உடம்பே மருந்தாகும் என்பதை உலகத்துக்குக் கற்பித்தது வறுமை. கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டாவில் வெப்பப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிசுக்களைக் கிடத்த நேர்ந்தது, தொற்றும் பரவியது. 1978இல் எட்கார் ரே என்னும் வைத்தியர், சிசுவைத் தாயின் மார்பிலே தோலோடு தோல் சேர நிமிர்த்திக் கட்டிவிடும் முறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஹெக்டர் மார்ட்டினெஸ் அவரோடு சேர்ந்தார். கங்காரு முறை என்று பெயர் பெற்றது இதுவே. அதே 1979இல், அப்போது சோவியத் ஆட்சிக்குட்பட்டிருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரிலே, தாதியர் போதாத நிலையில், ஆதிக் லெவின் என்னும் வைத்தியர் தாய்மாரையே உள்ளே அழைத்தார். நரம்புவழி ஏற்றும் மருந்தும் நீரும் ஒழிந்த மற்றெல்லாப் பணிவிடைகளையும் அவர்களே செய்தனர்.

பொருளில்லாதோர் செய்துகொண்ட சிக்கன ஏற்பாடு என்றே இவற்றைப் பலர் கருதினர். கங்காரு முறையை ஏற்றுக்கொண்ட இடங்களிலும், குழந்தை தேறிய பின்பே அது தொடங்க வேண்டும் என்ற விதி இருந்தது. தேறாத சிசுவுக்கு யந்திரம். தேறிய சிசுவுக்குத் தாய்! இவ்விதியைச் சோதித்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனத்தார் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் வைத்தியசாலைகளில் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். ஒரு கிலோவுக்கு மேல், 1.8 கிலோவுக்குக் கீழ் நிறையுள்ள 3,211 குழந்தைகள் அதில் அடங்கின. ஒரு திறத்தாருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் இட்டு, பிறந்தது முதலே மார்போடு சேர்த்தனர். மற்றத் திறத்தாருக்குத் தேறிய பின்பே. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த நாள்களில் முன்னவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் மார்பிற் கிடந்தனர். பின்னவர் ஒன்றரை மணி நேரம். 28 நாளுக்குள் பின்னவரில் நூற்றுக்கு 15.7 பேர் இறக்க, முன்னவரில் 12 பேரே இறந்தனர். வேறுபாடு இத்துணைத் தெளிவாகியபின் ஒரு பகுதியாருக்கு அந்நன்மையை மறுப்பது முறையன்று என்று, கண்காணித்த குழுவினர் ஆராய்ச்சியை இடையிலே நிறுத்துவித்தனர். முடிவு 2021இல் வெளிவந்தது. 2022இல் அந்நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது.

இதைப் படித்தபோது என் மனம் நின்ற இடம் அந்தக் கட்டில். அங்கே புதிய மருந்து எதுவுமில்லை. யந்திரங்களுக்கிடையே தாய்க்கு ஒரு கட்டில் போட இடமுண்டா இல்லையா என்ற கேள்விக்கு, உண்டு என்று விடை சொன்னார்கள். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ நால்வர் பிழைத்தனர்.

செல்வ நாடுகளின் செய்தி வேறு. தாலின் முறையைப் பின்பற்றிக் கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் 26 பிரிவுகளில் நடந்த ஆராய்ச்சி 2018இல் வெளிவந்தது. பெற்றோர் நாளுக்கு ஆறு மணி நேரமேனும், வாரத்துக்கு ஐந்து நாளேனும் உடனிருந்து சிசுவைப் பேணினர். குழந்தைகளின் நிறை கூடிற்று, பெற்றோரின் மனவேதனை குறைந்தது, தாய்ப்பாலூட்டல் மிகுந்தது. இறப்புத் தொகையில் வேறுபாடு இல்லை. எனவே பெற்றோரை அழைத்தல் எங்கும் ஒரே பயனைத் தரும் என்று முழங்குவது ஆராய்ச்சிக்கு அடாது. எங்கும் தீமை விளையவில்லை என்பது மாத்திரம் உறுதி.

வீட்டிலே வேறு பிள்ளைகள் பசித்திருக்கத் தாய் எவ்வாறு பதினேழு மணி நேரம் அங்கே கிடப்பாள் என்று ஒருவர் கேட்பது நியாயமான கேள்வி. ஐந்து நாட்டு ஆராய்ச்சியில் தாய்க்குத் துணையாக உறவினரும் மார்பிலே தாங்கினர். தந்தையின் மார்புக்கும் சூடுண்டு. ஆனால் அவள் உண்ண உணவும் கழுவ நீரும் ஒதுங்க இடமும் வைத்தியசாலை கொடாதாயின், கங்காரு முறை என்பது ஏழைத் தாயின்மேல் ஏற்றிய இன்னொரு சுமையாகிவிடும்.

இனிச் செவிலிக்கு வருவோம். பிறந்த குழந்தைகளிலே பத்தில் ஒன்றளவுக்கு மூச்செடுக்க ஏதேனும் உதவி வேண்டியிருக்கும் என்பர். முதல் ஒரு நிமிடத்துக்குள் அவ்வுதவி கிடைக்க வேண்டும். ஒரு நிமிடத்திற் செய்வதைப் புத்தகத்தால் கற்பிக்க இயலாது. உயிருள்ள சிசுவை வைத்துப் பழகுவதும் ஆகாது. ஆகவே பொம்மை வந்தது. நோர்வேயின் விளையாட்டுப்பொருள் உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லார்டால் 1960இல் முதலுதவி பழகும் பொம்மையைச் செய்தார். அவர் நிறுவிய தொழிலகத்திலிருந்து 2010இல் சிசுப் பொம்மையும் வந்தது. நீர் நிரப்பினால் சிசுவின் நிறை வரும். குமிழை அழுத்தினால் மூச்சு வரும், கொப்பூழ்க்கொடி துடிக்கும்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிய வேண்டியது, தன்சானியாவின் ஹேடம் என்னும் நாட்டுப்புற வைத்தியசாலையில் நடந்தது. அங்கே ஒருநாட் பயிற்சி கொடுத்தனர். ஏழு மாதங் கழித்துப் பொம்மையை வைத்துச் சோதித்தபோது பெரும்பாலோர் திறமையாகவே செய்தனர். ஆனால் பிரசவ அறையிலே, உண்மைச் சிசுவிடத்திலே, முன்னேற்றம் இல்லை. ஒருநாட் கருத்தரங்குக்குப் போய்ச் சான்றிதழோடு மீண்டு, மறுநாள் பழையபடியே பாடம் நடத்தும் நம்மவர்க்கு இது வியப்பாயிராது. பின்னர் அவர்கள் பொம்மையைப் பிரசவ அறைக்கு அருகிலேயே வைத்து, வாரந்தோறும் சில நிமிடம் பழகும் வழக்கத்தை ஏற்படுத்தினர். பிறந்து ஒரு நாளுக்குள் இறந்த சிசுக்களின் தொகை ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்ததென 2015இல் எழுதினர்.

பொம்மையிடத்திலே எனக்கு ஒரு குறை மாத்திரம் தோன்றுகிறது. அதற்குத் தாயில்லை. அதனோடு பழகிய கை விரைவு கற்கும். அருகிலே விம்முபவளுக்கு என்ன சொல்வதென்று கற்காது. குழாய்களும் கம்பிகளும் பூட்டிய சிசுவை ஒன்றும் நழுவாமல் எடுத்து, நடுங்குகின்ற ஒருத்தியின் மார்பிலே கிடத்துவதும் ஊசி ஏற்றுவது போல ஒரு வித்தைதான். அதற்கும் பழக்கம் வேண்டும். தாய்மாரை உள்ளே விட மறுக்கும் தாதியரிற் பலர் மனமின்றி மறுப்பவர் அல்லர்; அவ்வித்தையை அவர்களுக்கு ஒருவரும் பழக்கவில்லை. போஸ்டன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் நடிகரைப் பெற்றோராக நடிக்கச் செய்து, துயரச் செய்தி சொல்ல வைத்தியரையும் தாதியரையும் பழக்குகின்றனர். பொம்மைப் பயிற்சி நடக்குமிடமெங்கும் இதனையும் சேர்த்தல் வேண்டும் என்பதே என் கட்சி. நடிகருக்குச் செலவிட வழியில்லாத இடங்களிலே, முன்னொருகால் தம் குறைமாதச் சிசுவோடு அப்பிரிவில் இருந்து மீண்ட தாய்மார் இசைவார்களாயின் அவர்களையே அழைக்கலாம். அவர்கள் நடிக்க வேண்டியதில்லை. போக்குவரத்துச் செலவும் ஒரு வேளை உணவும் கொடுத்தாற் போதும்.