நோயாளியோடு கூடவே போக வேண்டிய நான்கு வரிகள்

செவிலியர் பயிற்சியின் தொடக்கத்தில் இரண்டு பாடங்களைத் தனித்தனியே நடத்திவருகிறோம். வகுப்பறையில் சுகாதார அமைப்பின் படிநிலைகள்: சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் அதுவே 3,000, 20,000, அதற்கு மேலே வட்ட மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. செய்முறைக் கூடத்தில் நோயாளியைக் கையாளும் முறைகள்: மல்லாந்த நிலை, ஒருக்களித்த நிலை, ஃபவுலர் நிலை, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுதல். மாணவிகள் இரண்டையும் படித்துத் தேறிவிடுகிறார்கள். இவை இரண்டும் ஒரே பாடம் என்பதை நாம்தான் அவர்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வீட்டுப் பாயிலிருந்து 108-இன் ஸ்ட்ரெச்சருக்கு, அதிலிருந்து வட்ட மருத்துவமனைக் கட்டிலுக்கு, மீண்டும் வண்டிக்கு, திருநெல்வேலியில் சி.டி. ஸ்கேன் மேசைக்கு, பிறகு வார்டுக்கு. சில மணி நேரத்தில் ஐந்தாறு முறை அவரைத் தூக்கி மாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் தூக்குவது வேறு வேறு ஆட்கள். வலப்பக்கம் செயலிழந்தவர்களில் பலருக்குப் பேச்சும் போய்விடும். "இந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க" என்று அவரால் சொல்ல முடியாது. வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும் என்று படித்த ஒருவர்தான் அவருக்காக அதைச் சொல்லவும் எழுதவும் வேண்டும்.

இந்தப் பயணத்தில் அவர் நிர்வாக எல்லைகளையும் கடக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ் வருகிறது. வட்ட மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் பொறுப்பு. சென்னையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை மாநகராட்சி நடத்துகிறது. தொழிலாளியாக இருந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை. மாணவி இந்தப் பெயர்களைத் தேர்வுக்காகப் படிப்பதைவிட, ஓர் இயக்ககத்திலிருந்து இன்னொன்றுக்கு நோயாளி போகும்போது எந்தத் தகவல் உதிர்ந்துபோகிறது என்று கேட்டுப் படிப்பது நல்லது. மருந்துச் சீட்டு போகிறது, ஸ்கேன் படம் போகிறது. அவரால் எழுந்து உட்கார முடியுமா, எத்தனை பேர் துணை வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் போவதில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "துணையுடன் நடக்கிறார்" என்று ஒரு வரி இருந்தாலே பெரிது என்ற நிலையில் இருக்கிறோம். அந்த வரியை வைத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியர் என்ன செய்வார்? அவருக்குத் தேவை நான்கு வரிகள்: எந்தப் பக்கம் வலுவில்லை; கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா; காலில் முழு எடை ஊன்றலாமா, பாதியா, ஊன்றவே கூடாதா; வாக்கரா, கைத்தடியா, தடி என்றால் எந்தக் கையில்.

இவற்றை எழுதத் தெரிய வேண்டுமானால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாத நோயாளிக்குச் சக்கர நாற்காலியை வலுவுள்ள பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றே சாய்வாகப் போட வேண்டும். பிரேக் போட்டாயிற்றா, கால்தாங்கியை மடக்கியாயிற்றா என்று பார்த்த பிறகே நோயாளியைத் தொட வேண்டும். பல நாள் படுத்திருந்தவரை நேரே நிறுத்திவிடக் கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, தலைசுற்றுகிறதா என்று கேட்டு, இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் நடக்க வைக்கும் முயற்சியை அப்போதைக்கு நிறுத்தி, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கைத்தடி வலுவுள்ள கையில்தான். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலுவில்லாத கால் முன்னே. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பதும், வால் எலும்பையும் குதிகாலையும் தினமும் பார்ப்பதும் வார்டோடு முடிகிற வேலை அல்ல. வீட்டில் அதைச் செய்யப்போகும் மனைவிக்கோ மருமகளுக்கோ கற்றுக்கொடுத்து, அவர்கள் செய்துகாட்டிய பிறகு அனுப்ப வேண்டும்.

வீடு என்றதும் நம் பாடநூல்கள் மௌனமாகிவிடுகின்றன. அவற்றில் வரும் நோயாளி உயரமான கட்டிலில் தூங்கி, மேற்கத்தியக் கழிப்பறைக்குப் போகிறவர். நம்மவர் பாயில் படுக்கிறார், குந்தி உட்கார்ந்து மலம் கழிக்கிறார், நிலைப்படி தாண்டி வாசலுக்கு வருகிறார். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்தவர் பலருக்கு முதல் சில வாரங்கள் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். குந்தும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில் அவர் என்ன செய்வார் என்று யார் கேட்டோம்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால் இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்த வாசலில் நிற்கும் ஊழியருக்கு முதலில் தேவைப்படுவது மருத்துவமனை எழுதி அனுப்பிய அந்த நான்கு வரிகள்தான்.

செவிலியரின் முதுகைப் பற்றியும் பேசியாக வேண்டும். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் எடை 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2007-இல் அமெரிக்காவின் நியோஷ் (தேசிய பணிப் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம்) ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் பரிந்துரைத்தார். நம் வார்டுகளில் இரவுப் பணியில் ஒரு பெண் தனியாக எத்தனை கிலோவைத் தூக்குகிறாள் என்று நமக்கே தெரியும். இருவர் வேண்டும் என்று எழுதுவது அவளையும் காக்கும்.

செய்முறைத் தேர்வில் ஃபவுலர் நிலையின் கோணத்தைக் கேட்பதோடு நிறுத்த வேண்டாம் என்று தேர்வாளர்களாகவும் இருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாணவியை ஒரு நோயாளியிடம் அனுப்புங்கள். அவர் எழுவதையும் மாறுவதையும் நடப்பதையும் அவளே கூட இருந்து பார்க்கட்டும். பிறகு அவருடைய ஊரின் துணை சுகாதார நிலையச் செவிலியருக்கு, தமிழில், நான்கு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அந்த நான்கு வரிக்குப் போடுங்கள்.