‘பிறகு நினைவூட்டு’ என்பது விடையாகாது

கடையில் மின்விசிறி ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் மாட்டுகிறோம். ஒரு மாதம் ஒழுங்காகச் சுழல்கிறது. பிறகு ஒரு நாள் அது பேசத் தொடங்குகிறது. “உங்கள் வீட்டுக்கு ஆபத்து! எங்கள் பூட்டை உடனே வாங்குங்கள்” என்கிறது. மறுநாளும் அதையே சொல்கிறது. இப்படிப்பட்ட மின்விசிறியை எவரேனும் வீட்டில் வைத்திருப்பார்களா? கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் புறப்பட்டுவிடுவோம்.

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மடிக்கணிப்பொறி இதே வேலையைச் செய்யும்போது மட்டும் முணுமுணுப்பதோடு நின்றுவிடுகிறோம். அப்படி நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை மாணவர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நிகழ்ச்சியைத் தெளிவாகப் பார்ப்போம். விண்டோஸ் இயங்குதளத்துடன் விற்கப்படும் மடிக்கணிப்பொறிகள் பலவற்றில், நாம் கேட்காத மென்பொருள்கள் சில தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். ஆன்டிவைரஸ் எனப்படும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அவற்றுள் ஒன்று. அது பெரும்பாலும் 30 நாள் போன்ற ஒரு சோதனைக் காலத்துக்கே இலவசம். அந்தக் காலம் முடிந்ததும் திரையின் மூலையில் ஒரு கட்டம் முளைக்கும். “உங்கள் கணிப்பொறி பாதுகாப்பாக இல்லை” என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ‘இப்போதே புதுப்பி’. மற்றது ‘பிறகு நினைவூட்டு’. ‘வேண்டாம்’ என்று சொல்ல மூன்றாவது பொத்தான் இருக்காது.

இந்த மூன்றாவது பொத்தான் மறதியால் விடுபட்டதா? இல்லை. கணிப்பொறித் திரையில் தெரியும் ஒவ்வொரு பொத்தானையும் ஒரு மனிதர் எண்ணிப் பார்த்துத்தான் வைக்கிறார். கேள்வி கேட்பவர் ‘இல்லை’ என்ற விடையை ஏற்கத் தயாராக இல்லையென்றால், அது கேள்வியே அன்று; நச்சரிப்பு.

இந்தக் கட்டம் எப்படி முளைக்கிறது? பள்ளியில் மணி ஒலித்தால் யாரோ அதை அடித்திருக்கிறார் என்று அறிகிறோம் அல்லவா? இங்கும் அப்படித்தான். கணிப்பொறி உயிர்பெறும்போது தானாகவே தொடங்க வேண்டிய நிரல்களின் பட்டியல் ஒன்று விண்டோஸில் உண்டு. குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்ய வைக்கும் கால அட்டவணை ஒன்றும் உண்டு. முன்னரே ஏற்றப்பட்ட மென்பொருள் இவற்றில் தன் பெயரைப் பதிந்துவைத்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடும் ஒரு சிறு நிரல் தேதியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சோதனைக் காலம் முடிந்ததும், நாம் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் மேலேயே தன் கட்டத்தை வரைந்து காட்டும். நாம் கட்டத்தை மூடினாலும் அந்த நிரல் ஓய்வதில்லை. அதனால்தான் மூட மூட மீண்டும் வருகிறது.

மென்பொருள் நிறுவனங்கள் தம் பொருளை ஏற்றித் தருவதற்காகக் கணிப்பொறி தயாரிப்பாளர்களுக்குப் பணம் தருகின்றன. இதனால் கணிப்பொறியின் விலை ஓரளவு குறைகிறது என்று சிலர் வாதிடுவார்கள். இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் வாங்குபவரிடம் இந்த ஏற்பாட்டை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ‘நச்சரிப்போடு ஒரு விலை, நச்சரிப்பின்றி ஒரு விலை’ என்று கடையில் எழுதி வைப்பதுமில்லை. சொல்லாத பேரத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. 2008 மார்ச்சில் சோனி நிறுவனம், தன் வையோ மடிக்கணிப்பொறி வகை ஒன்றில் தானே ஏற்றிய தேவையற்ற மென்பொருள்களை நீக்கித் தருவதற்கு ஏறத்தாழ 50 டாலர் தனிக் கட்டணம் அறிவித்தது. வாங்குபவர்கள் கொதித்தெழுந்ததும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. கூட்டமாகக் கேட்டால் பலன் உண்டு என்பதற்கு இது சான்று.

தொல்லையோடு போயிற்று என்றால்கூடப் பரவாயில்லை. ஆபத்தும் உண்டு. 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற மடிக்கணிப்பொறிகள் சிலவற்றில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. நாம் பார்க்கும் இணையப் பக்கங்களுக்குள் விளம்பரங்களைச் செருகுவது அதன் வேலை. வங்கி போன்ற தளங்களுடன் நடக்கும் உரையாடல் மறையீடு செய்யப்பட்டு, பிறர் படிக்க முடியாதபடி இருக்கும். அதற்குள்ளும் நுழைவதற்காக இந்த மென்பொருள் தானே ஒரு போலிச் சான்றிதழைத் தயாரித்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. இதில் பெரிய பிழை எதுவென்றால், எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே இரகசியத் திறவுகோல் இருந்ததுதான். ஓர் ஊரில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே சாவி என்றால் எப்படி? 2015 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தத் திறவுகோலைக் கண்டெடுத்து வெளியிட்டார்கள். மென்பொருளை நீக்கிய பின்னும் அந்தச் சான்றிதழ் கணிப்பொறியிலேயே தங்கியிருந்தது. அதைத் தனியே நீக்க வேண்டியிருந்தது. லெனோவோ அதை நீக்கும் கருவியைப் பின்னர் வெளியிட்டது. 2017 செப்டம்பரில் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இத்தகைய மென்பொருளை ஏற்றுவதற்கு முன் வாங்குபவரின் இசைவைப் பெற வேண்டியதாயிற்று.

இன்னொரு தீங்கு நம் மனப்பழக்கத்தில் விளைகிறது. நாளுக்கு நாலு முறை ஒரு கட்டத்தைப் படிக்காமலே மூடப் பழகிய கை, உண்மையான எச்சரிக்கை வரும்போதும் படிக்காமலே மூடிவிடும். ‘புலி வருது, புலி வருது’ என்று கத்திய சிறுவனின் கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையில் பொய் சொன்னவன் சிறுவன். ஆடுகளை இழந்ததோ ஊர்.

மூடும் பொத்தானின் பொருளே மாறிப்போன நிகழ்ச்சியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-16இல் பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களை விண்டோஸ் 10-க்கு மாறும்படி அடிக்கடி கட்டங்களைக் காட்டி வற்புறுத்தியது. 2016-ஆம் ஆண்டில் அந்தக் கட்டத்தின் மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், மாற்றத்துக்குக் குறிக்கப்பட்டிருந்த நாள் அப்படியே நீடித்தது. அதாவது, ‘வேண்டாம்’ என்று எண்ணி அழுத்தியது ‘ஆகட்டும்’ என்று கொள்ளப்பட்டது. கண்டனம் எழுந்த பின், அந்த ஆண்டு ஜூன் இறுதியில் மறுப்பதற்குத் தெளிவான வழி தரப்பட்டது. பாதையில் உள்ள சிவப்பு விளக்குக்கு ஒரு நாள் மட்டும் ‘போகலாம்’ என்று பொருள் வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, நிறுத்துவது எப்படி? ஆய்வுக்கூடத்தில் கருவியின் முள் ஆடினால், முள்ளைக் கையால் பிடித்து நிறுத்துவதில்லை. ஆட்டத்தின் மூலத்தைத் தேடுகிறோம். அதே முறையை இங்கும் பின்பற்றுங்கள்.

முதலாவதாக, கட்டத்தில் உள்ள மென்பொருளின் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் எதையும் நீக்கக் கூடாது.

இரண்டாவதாக, அந்த மென்பொருள் உங்களுக்குத் தேவையா என்று முடிவு செய்யுங்கள். தேவையில்லை என்றால், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, ஆப்ஸ், பிறகு இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்ற பட்டியலில் அதைத் தேடி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை நீக்கினால் கணிப்பொறி காவலின்றி நிற்குமோ என்று அஞ்ச வேண்டாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலே விண்டோஸுக்குள் சொந்தமாக ஒரு காவல் மென்பொருள் உண்டு. வேறொரு நிறுவனத்தின் காவல் மென்பொருள் இருக்கும்போது அது ஒதுங்கிக்கொள்ளும்; மற்றதை நீக்கியதும் மீண்டும் பொறுப்பேற்கும். கணிப்பொறியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் செக்யூரிட்டி பகுதியில் அது விழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவதாக, மென்பொருள் தேவை, அதன் கூச்சல் மட்டும் வேண்டாம் என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற இடத்தில் அதன் அறிவிப்பை அணையுங்கள். விண்டோஸே தரும் ‘யோசனை’களை நிறுத்தும் குறிகளும் அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ளன. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலில், தானாகத் தொடங்க வேண்டாதவற்றை டிசேபிள் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒலி, திரை, தொடுபலகை ஆகியவற்றை இயக்கும் மென்பொருள்களில் கை வைக்காதீர்கள். இயங்குதளத்தின் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் நிறுத்தாதீர்கள். எல்லா நினைவூட்டலும் தொல்லையன்று. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பதற்காக வரும் அறிவிப்பு நமக்காக வருவது. பணம் கேட்டு வருவது விற்பவருக்காக வருவது. இரண்டையும் பிரித்தறிவது படித்தவர்களின் கடமை. அந்தக் கணிப்பொறி பள்ளியுடையதோ பிறருடையதோ ஆனால், பொறுப்பில் உள்ளவரைக் கேட்ட பின்பே எதையும் மாற்ற வேண்டும்.

இவ்வளவு வேலையையும் வாங்குபவர் தலையிலேயே கட்டுவது முறையா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. முறையன்று என்பேன். இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், மக்களை ஏமாற்றும் 13 வகைத் திரை வடிவமைப்புகளைத் தடுக்கும் நெறிமுறைகளை 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்டது. ஓயாமல் நச்சரிப்பதும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இணைய வணிகத்தை மனத்தில் கொண்டு பேசப்படும் இந்த நெறியை, மடிக்கணிப்பொறியில் முளைக்கும் கட்டங்களுக்கும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ‘வேண்டாம்’ என்ற பொத்தான் கட்டாயமாக்கப்பட வேண்டும். தொழிற்சாலையில் ஏற்றிய மென்பொருள்களின் பட்டியலை விலையோடு சேர்த்துப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். குறை உள்ளவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

மாணவர்களாகிய உங்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். கடினமான கணக்கு ஒன்றில் மனம் ஊன்றச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. அதைக் கலைக்க ஒரு கணம் போதும். உங்கள் கவனம் உங்களுடைய சொத்து. அதை யாரோ ஒருவர் உங்களைக் கேட்காமல் விற்றுக் காசாக்குகிறார் என்றால், அது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை திரையின் மூலையில் கட்டம் முளைத்தால், ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்துவதற்கு முன் அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பெரியவர்கள் அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டு அஞ்சிப் பணம் கட்டப் போகும்போது, அருகில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள்.